சாய்ந்த மரத்தின் கனம்

பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்து, பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்ட விரும்புகிறவர்கள் நாகர்கோவில், தென்காசிப் பக்கம் நிறையப் பேர். புது அறைக்கும் அதே ஓட்டுக் கூரைதான் வேண்டும், கைமரங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். அந்தக் கூரையைக் கணினியில் வரைவது எனக்கு மிகப் பிடித்த வேலை. ஸ்கெட்ச்அப் மென்பொருளில் சுவரும் தரையும் சன்னலும் மளமளவென்று எழுந்துவிடும். ஒரு பரப்பைப் பிடித்து இழுத்தால் அதற்குக் கனம் வந்துவிடும் என்ற வசதியால்தானே அந்த மென்பொருள் பேர் வாங்கியது! சாய்ந்து நிற்கிற மரத்துக்கு வரும்போதுதான் கை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பலரும் மட்டமாக ஒரு சட்டத்தை வரைந்து, ஒரு முனையை மட்டும் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள். திரையில் மரம் அழகாகச் சாய்ந்து நிற்கும். வீட்டுக்காரருக்கும் பிடித்துப்போகும். அளவெடுத்துப் பார்த்தால், 30 டிகிரிச் சாய்வில் 6 அங்குல மரம் 5.2 அங்குலமாக இளைத்திருக்கும். மரம் சுழலவில்லை, அடுக்கிய சீட்டுக்கட்டைத் தள்ளிவிட்டதுபோல் சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் படத்திலிருந்து அளவெடுத்து ஆசாரியிடம் கொடுப்பது அவருடைய உழைப்பை அவமதிப்பது என்றே நான் நினைக்கிறேன். அவர் படத்தின் அழகைப் பார்க்க மாட்டார். எந்த மரத்தை எங்கே அறுப்பது என்றுதான் பார்ப்பார்.

அதனால் மரத்தை அதன் பக்கவாட்டுத் தோற்றத்திலிருந்து தொடங்குகிறேன். செங்குத்தான தளத்தில் சாய்வுக் கோடு ஒன்று, அதற்கு இணையாக 6 அங்குலம் தள்ளி இன்னொன்று. மேல்முனையில் முகட்டு உத்திரத்தோடு ஒட்டும்படி நேர்குத்தாக ஒரு வெட்டு. கீழே, சுவர்மேல் கிடக்கும் கட்டையில் உட்கார ஒரு கொத்து. பிறகு 3 அங்குல அகலத்துக்கு இழுத்தால் மரம் தயார். இப்படி வரையும்போது மென்பொருளே தச்சுப் பாடம் சொல்லித்தரும். மேல்முனையின் வெட்டுமுகம் 6 அங்குலம் அல்ல, ஏறக்குறைய 7. ஆகவே முகட்டு உத்திரத்தின் உயரமும் அதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் கைமரத்தின் அடிப்பாகம் பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். முனையைத் தூக்கி வரைந்தவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மரத்தின் ரேகையையும் கவனிக்க வேண்டும். அது கைமரத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். படத்தில் ரேகை குறுக்கே போனால், என்ன என்று சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அது பொய்யாகத் தெரியும்.

நாலு பக்கமும் சரிகிற கூரையாக இருந்தால் மூலைக் கைமரம் இருக்கிறதே, அதுதான் எனக்கு வியப்பு. மற்ற மரங்கள் 12 அடி கிடைமட்டத்தைத் தாண்டி 30 டிகிரியில் ஏறும்போது இது அதே உயரத்துக்கு மூலைவிட்டமாக, கிட்டத்தட்ட 17 அடியைத் தாண்டி ஏற வேண்டும். எனவே இதன் சாய்வு 22 டிகிரிதான். நீளம் 18 அடிக்கும் மேல். இரண்டு சரிவுகள் இதன் முதுகில் சந்திப்பதால் அந்த முதுகையும் இருபுறமும் சீவ வேண்டும். கணினியும் கால்குலேட்டரும் இல்லாமல், மூலைமட்டத்தையும் நூலையும் வைத்தே இதைக் கணித்து அறுத்தவர்களை நினைத்தால் பெரிய மரியாதை வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் கைமரத்தின் நீளத்தைக் கடைசியில் தீர்மானிப்பது ஓடுதான். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு பரவிய ஓட்டுக்கு அச்சில் வார்த்த அளவு. அதை மாற்ற முடியாது. ரீப்பர்களுக்கு நடுவே சுமார் 32 சென்டிமீட்டர் விட வேண்டும். முகட்டிலிருந்து இறவாரம் வரை கிடைமட்டமாக 12 அடி என்றால் சரிவு 422 சென்டிமீட்டர். 13 வரிசை போக 6 சென்டிமீட்டர் மிஞ்சும். அந்த மிச்சத்துக்காக யாரும் ஓட்டை உடைக்க மாட்டார்கள். இறவாரத்தைத்தான் சற்றே உள்ளே இழுக்க வேண்டும். ஆகவே கூரையை வரைய உட்காரும் முன் அந்த வீட்டு ஓடு ஒன்றை இறக்கித் தரச் சொல்லி அளந்துகொள்கிறேன்.