இழந்த பதவியை மீட்டுத் தந்த திருப்பட்டூர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், சமயபுரத்தைக் கடந்து சென்றால் வருவது சிறுகனூர். அங்கிருந்து பிரியும் கிளைச்சாலையில் சில கிலோமீட்டர் பயணித்தால் திருப்பட்டூரை அடையலாம். திருப்பிடவூர் என்று பழைய நூல்கள் போற்றும் தலம் இதுவே. இங்கு அன்னை பிரம்ம சம்பத் கௌரியுடன் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார் பிரம்மபுரீஸ்வரர்.

வியாழக்கிழமைகளில் இக்கோயிலில் கூட்டம் அலைமோதும். வரிசையில் நிற்கும் முதியவர்கள் பலரின் கையில் மஞ்சள் தடவிய ஜாதகம் இருக்கும். அது பெரும்பாலும் அவர்களுடையதாக இராது. மகனுடையதாகவோ மகளுடையதாகவோ பேரனுடையதாகவோ இருக்கும். துறைத் தேர்வுகள் அனைத்தையும் முடித்தும் பதவி உயர்வுப் பட்டியலில் மகன் பெயர் இடம்பெறவில்லை. மருமகளுக்குப் பின் பணியில் சேர்ந்தவர் அவளுக்கே மேலதிகாரி ஆகிவிட்டார். என்றோ தரப்பட்ட ஒரு குறிப்பாணை இன்னும் முடிக்கப்படாமல் கிடப்பதால் பேரனின் கோப்பு நகரவில்லை. பிள்ளைகள் வீட்டில் வாய் திறந்து சொல்லாத இந்த வேதனைகளைப் பெற்றோர் சுமந்துவந்து இறைவன் முன் வைக்கிறார்கள்.

இதற்கெனத் திருப்பட்டூரைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த பதவி ஒன்றை இழந்து, அதை மீண்டும் பெற்றவர் இங்கே வீற்றிருக்கிறார். அவர் வேறு யாருமல்லர், படைப்புக் கடவுளாகிய பிரம்மதேவரே.

ஆதியில் பிரம்மனுக்கும் ஐந்து தலைகள். ஈசனுக்கும் ஐந்து முகங்கள். 'அவருக்கும் ஐந்து, எனக்கும் ஐந்து. படைக்கும் தொழிலும் என்னிடமே இருக்கிறது' என்று அவர் செருக்குற்றார். ஈசன் அவருடைய ஐந்தாவது தலையைக் கொய்தார். படைப்புத் தொழிலும் பறிபோயிற்று. தவறு உணர்ந்த பிரம்மன் தலங்கள்தோறும் சென்று, இங்கு வந்து, மகிழ மரத்தடியில் ஈசனைத் தொழுதார். பன்னிரண்டு லிங்கங்களைப் பிரதிஷ்டை செய்து, தீர்த்தம் உண்டாக்கி நாள்தோறும் நீராட்டி வழிபட்டார். மனம் கனிந்த இறைவன் படைப்புத் தொழிலை மீண்டும் அவருக்கு அளித்தார். அத்துடன், தம்மை நாடி வரும் தகுதியுடைய அடியார்களின் தலையெழுத்தை மங்களகரமாகத் திருத்தி எழுதும் பொறுப்பையும் தந்தார் என்கிறது தலபுராணம்.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதவியைத் திருப்பித் தந்த ஈசன், கொய்த தலையைத் திருப்பித் தரவில்லை. பிரம்மன் இன்றும் நான்முகனே. 'தலைக்கனம்' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கனம் இறங்கிய பிறகே பதவி வந்தது. வந்தபோது முன்பிருந்ததைவிடப் பெரிதாகவும் வந்தது. அதுவரை விதியை எழுத மட்டுமே செய்தவர், அதன்பின் பிறர் துயர் கேட்டுத் திருத்தவும் உரிமை பெற்றார். உயர்வு என்பது பிறர் சுமையில் பங்கேற்பது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா!

பிரம்மன் பூஜித்த லிங்கங்களைப் பழமலைநாதர், பாதாளேஸ்வரர், தாயுமானவர், மண்டூகநாதர் முதலிய திருநாமங்களுடன் இங்கு தரிசிக்கலாம். தனிச் சந்நிதியில் தாமரைமீது அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்திருக்கும் பிரம்மதேவரின் பெரிய திருமேனி, மஞ்சள் காப்பில் பொன்னாக ஒளிர்கிறது. ஜாதகத்தை அவர் திருமுன் வைத்து அர்ச்சிப்பதும், புளியோதரை நிவேதிப்பதும் வழக்கம். கோயிலுக்குள்ளேயே பதஞ்சலி முனிவரின் ஜீவசமாதியும் உள்ளது. அங்கே சற்று நேரம் மௌனமாக அமர்ந்திருந்தால் மனத்தின் படபடப்பு அடங்கும்.

இதே ஊரில் ஐயனார் கோயில் ஒன்று உண்டு. சேரமான் பெருமாள் நாயனார் கயிலையில் இறைவன் முன் பாடிய திருக்கயிலாய ஞான உலாவை, அங்கிருந்து கேட்ட மாசாத்தனார் இந்தத் திருப்பிடவூரில் வெளிப்படுத்தினார் என்று பெரியபுராணம் கூறும். அந்தச் சேரமானும் பெரிய பதவி பெற்றவர்தாம். முடிசூடிக்கொண்டு யானைமீது பவனி வந்தபோது, உடலெங்கும் உவர்மண் படிந்து வெளுத்திருந்த வண்ணார் ஒருவரைக் கண்டார். திருநீறு பூசிய அடியாரின் கோலமாகவே அது அவருக்குத் தோன்றிற்று. உடனே யானையிலிருந்து இறங்கி வணங்கினார். அரியணை ஏறிய அன்றே ஓர் எளியவர்முன் தலை தாழ்த்திய அந்த மன்னரின் பாட்டு, தலைக்கனம் இழந்து பதவி பெற்ற பிரம்மனின் ஊரிலே உலகுக்கு வெளிப்பட்டது எத்தனை பொருத்தம்!

ஆகவே, இங்கு வரும் பெரியோர் பிள்ளைக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. 'தாமதத்தைத் தாங்கும் பொறுமையைக் கொடு. தனக்கு முன்னேறியவர்மீது கசப்பு வராமல் காத்தருள். அந்த நாற்காலி கிடைக்கும் நாளில் கீழே இருப்பவரை மறவாத மனத்தையும் கொடு' என்றும் வேண்டிக்கொள்ள வேண்டும். உத்தரவு வருவதும் தள்ளிப்போவதும் பலர் கையில் இருக்கின்றன. அது வரும்வரை பணியில் குறை வையாதிருப்பது நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அந்த உறுதியை ஊட்ட, வீட்டிலுள்ள மூத்தோரின் ஆறுதல் சொல்லைவிடச் சிறந்த பிரசாதம் ஏது?

கோயில் பொதுவாகக் காலை 7.30 முதல் 12 மணி வரையும், மாலை 4 முதல் 8 மணி வரையும் திறந்திருக்கும். நெரிசலைத் தவிர்க்க விரும்பும் முதியவர்கள் வியாழன் அல்லாத நாளில் சென்றால் நிதானமாகத் தரிசிக்கலாம். இயன்றால் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஜாதகம் மட்டுமின்றி, ஜாதகத்துக்கு உரியவரும் அந்தச் சந்நிதியில் ஒருமுறை தலை தாழ்த்தட்டும். நான்முகன் நல்லெழுத்து எழுதுவார்.