மைக்கா அலமாரிக்கு வண்ணம்

ஜனவரி 3, வெள்ளி

போகிக்கு முன்னால் அம்மா அறை அலமாரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பலகை ஆடவில்லை, கீல் தளரவில்லை. செர்ரி மரம்போல அச்சடித்த அந்தக் கருஞ்சிவப்புதான் அறையை இருட்டாக்குகிறது. நிறத்துக்காக ஒரு நல்ல அலமாரியைக் குப்பைக்கு அனுப்புவது அநியாயம். வண்ணம் அடிப்பது என்று முடிவு.

கீல் பதித்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஆசாரி ப்ளைவுட்டின் மேல் ஒட்டும் ஒரு மில்லிமீட்டர் மைக்கா இல்லை. ஆலையிலேயே மெல்லிய மெலமின் தாளோடு அழுத்தி வந்தது. கை வைத்தால் இரண்டும் ஒரே வழுவழுப்பு. தேய்க்கும்போதுதான் வித்தியாசம். இந்தத் தாளை அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரிந்துவிடும், அங்கே ஈரம் ஏறிப் பலகை உப்பும். மாப் போடும் தண்ணீர் பட்டுக் கால்பலகையின் கீழோரம் ஏற்கெனவே உப்பியிருக்கிறது. அதை எந்தப் பெயிண்டும் சரிசெய்யாது. அந்தத் துண்டை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.

ஜனவரி 4, சனி

தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை. "ஆயில் எனாமல் கொண்டுபோங்க மேடம், ஜன்னல் கம்பிக்கெல்லாம் அதைத்தான் அடிக்கிறாங்க." ஜன்னலுக்குச் சரி. வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளை ஆயில் எனாமல் போகப் போக மஞ்சளாகிவிடும். அலமாரியின் உள்பக்கம் இன்னும் சீக்கிரம்.

மாடி வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்த பெயிண்டர் அண்ணன் வேறு சொன்னார்: "பி.யூ. அடிச்சுடுங்கக்கா. கீறல் விழாது, கறை பிடிக்காது." உண்மைதான். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சுக்கு உறுதியில் இணை குறைவு. ஆனால் அந்த இரண்டாவது டப்பாவில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே அடித்தால் காற்றில் கலந்து மூச்சுக்குழாயைத் தாக்கும், ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. சாதாரணத் துணி மாஸ்க் அதற்குப் போதாது. கலந்தபின் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஈரக்காற்று பட்டால் குமிழி விடும். அம்மாவுக்கு வீசிங். உறுதி வேண்டும்தான், அம்மாவின் மூச்சைக் கொடுத்து வேண்டாம்.

தண்ணீரில் கரையும் பி.யூ. எனாமல் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். கூடவே டைல்ஸ், கண்ணாடி, மைக்கா எதிலும் பிடிக்கும் என்று போட்ட பிரைமர் ஒன்று.

ஜனவரி 5, ஞாயிறு

கதவின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், உள்ளங்கை அளவில் சோதனைக் கட்டங்கள். முதல் கட்டத்தில் வெறும் எனாமல். இரண்டாவதில் சாதாரண மர பிரைமர், அதன்மேல் எனாமல். மூன்றாவதில் லேசாகத் தேய்த்துவிட்டு, அந்தப் பிடிப்பு பிரைமர், பிறகு எனாமல். எல்லாவற்றிலும் அதே தண்ணீர் எனாமல்தான்; மாறுவது அடியில் இருப்பது மட்டும்.

காய்ந்ததும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல அழகாகவே இருக்கின்றன. கடையில் நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஜனவரி 13, திங்கள், போகி

காலையில் புகை. அம்மா அறை ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் சோதனை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பது. பெயிண்ட் ஆலைகளிலும் இதே முறைதான், அங்கே கீறுவதற்குப் பல் வைத்த கத்தியும் அளவும் உண்டு.

முதல் கட்டம் தோலாக உரிந்து டேப்போடு வந்துவிட்டது. அடியில் மெலமின் பளபளவென்று, பெயிண்ட் பட்ட சுவடே இல்லாமல்! இரண்டாவதில் கீறிய மூலைகள் எல்லாம் செதில் செதிலாகப் போயின. மர பிரைமர் மரத்தின் துளைக்குள் இறங்கிப் பிடிக்கும்படி செய்தது. இறங்கத் துளையே இல்லாத பரப்பில் அது என்ன செய்யும்? மூன்றாவது கட்டத்தில் டேப் வெறுமனே வந்தது. நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். நிற்கிறது.

இத்தனை நாளாக எந்த பெயிண்ட், எந்த பெயிண்ட் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே பெயிண்ட், மூன்று முடிவு. அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஜனவரி 18, சனி

கதவுகளைக் கழற்றி மொட்டைமாடிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று பின்னால் டேப் ஒட்டி எழுதியாயிற்று.

சோப்புத்தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு ஸ்பிரிட். கைப்பிடியைச் சுற்றித் துணி கறுத்துக்கொண்டே வந்தது. தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெயோடு தொட்டுத் தொட்டுச் சேர்ந்த பிசுக்கு. தேய்ப்பதற்கு முன்னால் இதை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் அந்தப் பிசுக்கைப் பலகை முழுக்கப் பரப்பிவிடும். சிலிக்கான் கலந்த பாலிஷ் போட்டுத் துடைத்த சாமான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெயிண்ட் அந்த இடத்தில் குழி குழியாக விலகும்.

220 நம்பர் உப்புத்தாள். மினுக்கு போகும்வரை மட்டும். பெரியவள் மேஜைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இங்க இன்னும் பளபளக்குது" என்று காட்டிக்கொண்டே வந்தாள். ஓரப்பட்டி பிரிந்த இடங்களை ரப்பர் பசையால் ஒட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பிரைமர். மார்கழிப் பனி போனாலும் காலையில் கொட்டகைத் தகரத்தில் ஈரம் இருக்கிறது, அது காயும்வரை டப்பாவைத் திறக்கவில்லை. ஓரங்களுக்குப் பிரஷ், மற்றதற்கு நாலு அங்குல நுரை ரோலர். மெல்லிய பூச்சு, அடியில் சிவப்பு தெரிந்தால் தெரியட்டும். மூடுவது மேல்பூச்சின் வேலை.

ஜனவரி 25, சனி

மேல்பூச்சு, சந்தன வெள்ளை. ஒன்று காய்ந்து, 400 நம்பர் தாளால் மெதுவாகத் தடவி, தூசி துடைத்து, அடுத்தது. தடியாக ஒரே பூச்சில் முடித்தால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாகவே நிற்கும்.

மகளின் படிப்பு மேஜையையும் இதோடு அடித்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கதவு வேறு, மேஜைத்தளம் வேறு. காம்பஸ் முனையும் சுடுகாபித் தம்ளரும் படும் இடத்தில், பிரஷால் அடிக்கும் எந்தப் பூச்சையும்விட மைக்காவே கடினம். அதை மூடி அதைவிட மெல்லியதை மேலே வைப்பானேன்? தளத்துக்குப் புது மைக்கா ஒட்ட ஆசாரியிடம் சொல்லியாயிற்று. கால்களுக்கு மட்டும் இந்த வெள்ளை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கதவுகளை மாட்டினோம். தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் முழுதாக இறுகவில்லை; இந்த வகை எனாமலுக்கு அதற்கே மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் கதவு சட்டத்தில் அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். ஓரங்களில் சின்ன ரப்பர் பொட்டுகள் ஒட்டினேன். இழுப்பறை உராயும் பக்கங்களை வண்ணமே இல்லாமல் விட்டுவிட்டேன்.

அம்மா தட்டுகளில் போட பிளாஸ்டிக் விரிப்பு எடுத்து வந்தார்கள். வேண்டாம் என்றேன்: மெத்தென்ற பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் புதுப் பெயிண்டில் இறங்கி அதை இளக்கிவிடும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து விரித்தாயிற்று. துடைக்க ஈரத்துணி மட்டும் போதும் என்று வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். மார்ச் வரை பாத்திரம் தேய்க்கும் நார் இந்தப் பக்கமே வரக்கூடாது.