அம்மாவுக்கு ஒரு வெயில் ரூம்

கொஞ்சம் நீளமான த்ரெட். வயசானவங்களை வீட்டில் வச்சுக்கிட்டு, "சன் ரூம்" கட்டலாமான்னு யூடியூப் பார்த்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு. குறிப்பா எங்க மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து மக்களுக்கு.

போன வருஷம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, மூணாவது மாசம் வாக்கர் பிடிச்சு நடந்தாங்க. ஆனா வீட்டுக்குள்ளேயே. பகல் முழுக்கத் தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து "விடிஞ்சிருச்சா தம்பி?"ன்னு கேட்பாங்க. பொழுது சாய்ஞ்சா ஒரு குழப்பம். ஓபியில் இப்படி வர்ற பெரியவங்களை "வெளிச்சத்துல உக்கார வைங்க"ன்னு சொல்லி அனுப்புறவன் நான். என் வீட்டில் அதுக்கு இடம் இல்லை.

முன்னாடி இருந்துச்சு. வாசலில் தெருவைப் பார்த்த திண்ணை. 2019-ல் கார் நிறுத்துறதுக்காக அதை இடிச்சது நான்தான்.

சரி, வீட்டுக்குப் பின்னால் தென்மேற்கு மூலையில், மூணு பக்கமும் கண்ணாடி வச்சு, கடல் தெரியுற மாதிரி ஒரு ரூம் போடலாம்னு திட்டம். வெளியூர் கம்பெனி ஒண்ணு த்ரீடி படம் அனுப்புச்சு. ஆறரை லட்சம், பாதி அட்வான்ஸ். படத்தில் ஒரு அம்மா காபி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஃபேன் கூட இல்லை!

பணம் அனுப்புறதுக்கு முந்தின நாள், டியூட்டி ரூமில் படத்தைப் பார்த்த நண்பர் (அவரும் டாக்டர்) ஒரு கேள்வி கேட்டார். "கண்ணாடிக்குள்ள உக்கார்ந்தா வைட்டமின் டி எங்கேர்ந்துடா வரும்?"

படிச்சதுதான். ஆனா மகனா யோசிக்கும்போது மறந்துட்டேன். தோலில் வைட்டமின் டி உருவாக யூவி-பி கதிர் வேணும். ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். யூவி-ஏ உள்ளே வரும். அது தோலைக் கறுக்க வைக்கும், வைட்டமின் டி தராது. இன்னொண்ணு, "காலை இளம்வெயில்" நம்பிக்கை. சூரியன் தாழ்வா இருக்கும்போது யூவி-பி ரொம்பக் குறைவு. நம்ம நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையா விழுற நேரத்து வெயில்தான் கணக்கு. அந்த வெயிலில் 70 வயசுக்காரங்களை உக்கார வைக்க முடியுமா? போதாததுக்கு வயசாக ஆக தோலின் உற்பத்தித் திறனும் குறையும். அதனால அம்மாவுக்கு டெஸ்ட் பார்த்து மருந்துதான். (60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களா வாங்கி மாசக்கணக்கில் போடாதீங்க. அளவு மிஞ்சினா ரத்தத்தில் கால்சியம் ஏறி வேற வம்பு வரும்.)

அப்போ வெளிச்சம் எதுக்கு? தூக்கத்துக்கு. காலையில் கண்ணுக்குள் போற நல்ல வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரி பண்ணும். அதுக்குக் கிழக்குப் பக்கம் வேணும். நான் திட்டம் போட்டது மேற்குக்கு. மே மாசம் மூணு மணிக்கு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பிரஷருக்கு நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுற ஒருத்தரை உக்கார வச்சா என்ன ஆகும்னு யோசிச்சேன். கரண்ட் போனா ஏசியும் இல்லை.

கம்பெனிக்கு வேண்டாம்னுட்டேன். உள்ளூர் வெல்டர் ஒருத்தர் இரும்புப் பைப்பும் தகரமும் ரெண்டு லட்சத்தில் முடிச்சுத் தர்றேன்னார். எத்தனை வருஷம் தாங்கும்னு கேட்டேன். சிரிச்சார். நம்ம ஊர் உப்புக்காத்து அப்படி. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்திலேயே 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயின்ட்டும் போட்டிருக்காங்க. நம்ம வீட்டுக்கு அவ்வளவு முடியாது, ஆனா பாடம் ஒண்ணுதான்.

கடைசியா வந்தவர், முழங்கால் வலிக்காக என்கிட்ட ஓபிக்கு வர்ற கொத்தனார். அறுபதைத் தாண்டினவர். டேப்பை எடுக்கவே இல்லை. "தம்பி, அம்மா எந்தப் பக்கம் பாத்து உக்காருவாக?"ன்னார். மத்த யாரும் இதைக் கேட்கலை. நானும் கேட்கலை. அவரே உள்ளே போய் கேட்டார்.

"கடலை என்னத்தப் பாக்க? பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். ரோட்டுப் பக்கம் போடுங்கண்ணே, நாலு ஆளு போறது வர்றதாவது தெரியும்"ன்னாங்க அம்மா.

வெளியே வந்த கொத்தனார் காரையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "அந்தத் திண்ணைய ஏன் தம்பி இடிச்சீக?" பதில் சொல்லலை. கார் இப்போ தெருமுனையில் நிக்குது.

கட்டப்போறவங்களுக்கு நாங்க செஞ்சது. சிமென்ட் குழைக்கவும் நனைக்கவும் வீட்டுக் கிணத்து உப்புத்தண்ணியைத் தொடவே இல்லை, நல்ல தண்ணி லாரிதான். கம்பிக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டைக் 'கவர்'னு சொல்வாங்க. கடலோரத்துக்கு இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 456) குறைஞ்சது 45 மில்லிமீட்டர் கேட்குது. நான் நேரில் நின்னு ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், கொத்தனாருக்குக் கோபம்தான். படி கிடையாது, சரிவுதான். ஒரு அடி ஏற 12 அடி நீளம், அதைவிடச் செங்குத்தா வேண்டாம். திண்ணை ஒன்றரை அடி உயரம். இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க தாழ்வா உக்காரக் கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. பக்கத்தில் பிடிச்சு எழ ஒரு கைப்பிடி. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். கடலுக்குப் பக்கத்து மனைன்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கு, சர்வே நம்பரோட பேரூராட்சியில் முதல்லயே கேட்டுடுங்க.

பணம்? அட்வான்ஸ் பத்து சதவீதம், பிறகு வேலை ஏற ஏற. கடைசிப் பத்தை ஐப்பசி மழை பெய்ஞ்சு ஒழுகலைன்னு பார்த்த பிறகு கொடுத்தேன். எல்லாம் ஒரு நோட்டில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. மொத்தம் ரெண்டே முக்கால் லட்சம்.

இப்போ காலையில் ஆறரைக்கெல்லாம் அம்மா அங்கே. மீன்காரம்மா கூடையை இறக்கிவச்சு அரைமணி நேரம் பேசிட்டுத்தான் போறாங்க. ராத்திரி ரெண்டு மணிக் கேள்வி நிக்கலை, குறைஞ்சிருக்கு.

சாரலுக்காக ஒரு பக்கம் மட்டும் தள்ளுற கண்ணாடி சொல்லியிருந்தேன். "அதைப் போட்டா யாரு என்கூடப் பேசுவா?"ன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க. கண்ணாடி இன்னும் கடையிலதான் இருக்கு. அட்வான்ஸ் எட்டாயிரத்தைத் திருப்பித் தர மாட்டேங்கிறாங்க. யாருக்காவது ஆறடிக்கு நாலடி வேணும்னா சொல்லுங்க.