வழிகாட்டும் கருவியா, வண்டிக்குச் சர்வீஸா?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் கல்வராயன் மலைக்குப் போகவிருக்கிறார். "ஐயா, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வழி பார்க்கக் கைப்பேசி ஸ்டாண்டு வாங்கட்டுமா, இல்லை வண்டியைச் சர்வீஸுக்கு விடட்டுமா?" என்று கேட்டார். "சர்வீஸுக்கு விடுங்கள், தம்பி" என்றேன். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய காரியமன்று. ஆகையால் இவ்வாரம் எழுதுகிறேன்.

வழிகாட்டும் கருவியை நான் பழிக்கவில்லை. நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போக யாருக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் நோயாளியோடு முதன்முறையாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறவருக்கு அது பெரிய உதவி. சட்டமும் தடுக்கவில்லை: 2020 அக்டோபர் முதல், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டுவதற்கு அது அனுமதியாகாது. மலையில் டவர் கிடைக்காவிட்டாலும், செயற்கைக்கோள் வழியாக நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி கண்டுகொள்ளும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

எனினும் வரைபடம் கோட்டைத்தான் காட்டும், சாலையின் இன்றைய நிலையைக் காட்டாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தின்மேல் கருவி காட்டிய வழியே சென்ற கார் ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். வெள்ளிமலைச் சாலையில் நேற்றைய மழைக்கு மண் சரிந்ததா என்று அறிய வேண்டுமானால், கச்சிராயபாளையத்துத் தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காலையில் மலையிலிருந்து இறங்கி வந்தவர் எவரேனும் அங்கே இருப்பார்.

இனி பெட்ரோல். மைலேஜ் பார்ப்பது கஞ்சத்தனம் என்று சிலர் நகைக்கிறார்கள். அது தவறு. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் ஒருவரின் வண்டி லிட்டருக்கு 60 கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் செலவு 67 ரூபாய். 45 மட்டும் கொடுத்தால் 89 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் வித்தியாசம் 550 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. அதை மிச்சப்படுத்தப் புதிய வண்டி வேண்டியதில்லை. டயரில் காற்றைச் சரிபாருங்கள், சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்தபின் மைலேஜ் பாதியாகிவிட்டதென்று முறையிடுகிறவர்களும் உண்டு. பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்றே 2021ஆம் ஆண்டின் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. பாதியாகக் குறைந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். (அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வடிக்கப்படுகிறது, நம் பக்கத்து வயல்களுக்கும் அதில் பங்கிருக்கலாம்.)

மலைக்குப் போகிறவர் கீழேயே டேங்கை நிரப்பிக்கொள்ளட்டும். ரிசர்வ் என்பது தனியான தொட்டியன்று. அதே டேங்கின் அடியில் தங்கும் கொஞ்சம் பெட்ரோல்தான். எண்ணெய் இல்லாமற்போன ஐந்து கன்னியரை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு வழி தெரியாமல் இல்லையே!

ஆனால் இந்தச் சிக்கனமே உயிருக்கு உலை வைக்கும் இடம் ஒன்றுண்டு. இதை எழுதத் தூண்டியதும் அதுவே. மலையிறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பின்னால் ஒருவரும் அமர்ந்திருப்பார். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. வளைவுக்கு வளைவு அழுத்த அழுத்த டிரம் சூடேறி, பிடிமானம் தளர்ந்துபோகும். இதனால் மிச்சமாவது என்ன? சிறிய எஞ்சின் அரைமணி நேரம் சும்மா ஓடக் குடிக்கும் பெட்ரோல், பத்துப் பதினைந்து ரூபாய்க்கு மேல் போகாது. 2020க்குப் பின் வந்த, பெட்ரோலை ஊசிமுனை வழியாகத் தெளிக்கும் வண்டிகள் பலவற்றில் அதுவும் மிஞ்சாது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டாலே, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வண்டியே நிறுத்திக்கொள்கிறது.

பெற்றோரே, மலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பிரேக் கட்டை எப்போது மாற்றினாய் என்று கேளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள், கோமுகி அணை கண்ணில் படும்வரை.