வாய்தா டைரியின் ஓரங்களில்

வக்கீல் குமாஸ்தாவாக 22 வருடம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் வாய்தா டைரிகளை ஒருமுறை புரட்டினேன். தேதிகளுக்கு நடுவே கிறுக்கி வைத்திருந்ததில் கொஞ்சம் இங்கே. நான் சட்டம் படித்தவனல்ல, கேஸ் கட்டு தூக்கியவன்.

*

எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட் கூண்டில் நின்றவர்களில் திருடன், ரவுடி என்று சொல்லத்தக்கவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பால்காரர், வாத்தியார், மைத்துனருக்காகக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து வயல்காரரைத் திட்டியவர். பெரும்பாலும் கை போட்ட கையெழுத்துதான் ஆளை இங்கே இழுத்து வரும். இல்லாவிட்டால் வாய்.

*

மளிகைக் கடைக்காரர் ஒருவர். பைனான்சில் நாற்பதாயிரம் வாங்கும்போது ‘செக்யூரிட்டிக்கு’ என்று கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்று கொடுத்திருந்தார். கடனை வட்டியோடு அடைத்துவிட்டார். செக்கைத் திருப்பி வாங்கவில்லை. ‘தேடி எடுத்துத் தர்றேன்’ என்றார்களாம். ஒன்றரை வருடம் கழித்து அதே செக் மூன்று லட்சம் என்று நிரப்பப்பட்டு வங்கிக்குப் போய்த் திரும்பியது.

‘தொகையை நான் எழுதலையே அண்ணே, அது செல்லாதுல்ல?’ என்று கேட்டார். செல்லும். வெற்றுச் செக்காக இருந்தாலும், தானாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் கடனுக்காகக் கொடுத்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. கடன் இல்லை என்று காட்டவேண்டியது செக் கொடுத்தவர் பாடு. அவரிடம் கடனை அடைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தார். வக்கீல் நோட்டீஸ் வந்தபோது, தபால்காரரிடம் ஆள் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். தபாலை வாங்காவிட்டால் வழக்கு வராது என்று யார் இவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை. சரியான முகவரிக்குப் போன நோட்டீஸை மறுத்தாலும் கிடைத்ததாகத்தான் கணக்கு. உண்மையில் அந்த நோட்டீஸ்தான் கடைசி வாசல். கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால், செக் திரும்பியதற்கான 138 வழக்கே கிடையாது. கட்டத் தேவையில்லை என்றால் அதற்குள் பதில் நோட்டீஸாவது அனுப்ப வேண்டும். விட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைக்காரர் கடைசியில் ஒன்றே கால் லட்சத்துக்குப் பேசி முடித்தார். நாற்பதாயிரம் கடனுக்கு!

*

வரப்புத் தகராறு எஃப்.ஐ.ஆர். எல்லாம் ஒரே அச்சு. ‘அசிங்கமாகப் பேசி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி’. முன்பு 294(பி), 323, 506 என்று மனப்பாடமாகச் சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351. எண்தான் மாறியது, அச்சு மாறவில்லை. ஒரு தரப்பு மதியம் புகார் கொடுத்தால் மறு தரப்பு மாலைக்குள் கொடுத்துவிடும். ஸ்டேஷனில் இதற்குப் பெயர் கேஸ், கவுண்டர். இரண்டு பக்கமும் குற்றவாளி, இரண்டு பக்கமும் சாட்சி.

வேடிக்கை எங்கே என்றால், அடித்ததற்கும் மிரட்டியதற்கும் இரு தரப்பும் கோர்ட்டிலேயே சமரசம் செய்துகொள்ளலாம். சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் ஆபாச வசவு இல்லை. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகவேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது மதுரைக் கிளை. அடியை இங்கேயே மறந்துவிடலாம். திட்டியதை மறக்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டியவர் பாடு வேறு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். முன்ஜாமீனுக்கு அதில் தடை. ‘வாய் தவறிடுச்சு’ என்று வருவார்கள். தவறிய வாய் எல்லாம் ஒரே திசையில் தவறுவதைத்தான் இத்தனை வருடமும் பார்த்தேன். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வந்ததில்லை.

*

வண்டி. ‘ஆர்.சி. பேரை நான் மாத்திக்கிறேண்ணே’ என்று வாங்கிப் போனவன் மாற்றமாட்டான். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயர்தான் வரும். வண்டி கஞ்சாவோடு பிடிபட்டாலும் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவு. 29, 30 படிவங்களை ஆர்.டி.ஓ. ஆபீசில் நீங்களே கொடுங்கள்.

பதினாறு வயசுப் பையனுக்குச் சாவி கொடுக்கும் அப்பாக்களுக்கு: 2019 திருத்தத்துக்குப் பிறகு, அவன் ஓட்டிச் செய்யும் குற்றத்துக்கு உங்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

*

ஏ.டி.எம். கார்டையும் பாஸ்புக்கையும் ஐயாயிரத்துக்கு வாடகைக்கு விட்ட காலேஜ் பையனைத் தேடி வேறு மாநிலப் போலீஸ் வந்தது. பணம் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. கணக்கு அவனுடையது.

*

‘ஸ்டேஷன் வரை சும்மா வந்துட்டுப் போங்க’ என்று போன் வரும். போகாமல் இருப்பதும் தப்பு, தனியாகப் போவதும் தப்பு. யார் கூப்பிடுகிறார், எந்தப் புகார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது என்று இறங்காமல், முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று 2014இலேயே தீர்ப்பு. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 35(3). நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் போய்விடுங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழோ 60க்கு மேலோ உள்ளவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம். சட்டமே வேண்டாம் என்கிறது. இதை ஏட்டய்யாவிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். தன்மையாகச் சொன்னால் பாதி வேலை நடக்கும்.

*

நான் அதிகம் வருத்தப்பட்டது வாய்தா தவறியவர்களுக்காக. சின்ன அடிதடி கேஸ், விடுதலையே ஆகியிருக்கும். ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று வாய்தா வரவில்லை, பிடிவாரண்ட். இரண்டு வருடம் கழித்துப் பொங்கலுக்கு வந்தவரைப் பொண்டாட்டி பிள்ளை முன்னால் பிடித்துப் போனார்கள். ஜாமீனில் வந்துவிட்டு ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம், ஒரு வருடம் வரை தண்டனை. வரமுடியாத அன்று வக்கீலிடம் சொன்னால் ஒரு 317 மனு போடுவார். புதுச் சட்டத்தில் அது 355. கோர்ட்டில் இன்னும் 317தான். ஒரு போன், ஒரு பக்கம் மனு, அவ்வளவுதான்.

அவருக்கு வீட்டு வரி ரசீது கொடுத்து ஜாமீன் நின்றவர் அவருடைய அண்ணன் முறை. பிணைத்தொகையை ஏன் வசூலிக்கக்கூடாது என்று அவருக்கும் நோட்டீஸ் போனது. தம்பியோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

*

பெட்டி கேஸ். ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா, வேலை முடிஞ்சுது’ என்பார்கள். பல பேருக்கு முடிந்தும்விடும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலைக்கு எழுதும் பையன் அதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். படிவத்தில் ‘வழக்கு உண்டா’ என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதி, போலீஸ் விசாரணையில் மாட்டிக்கொண்டு, கைக்கு வந்த வேலையை இழந்தவனைத் தெரியும். வழக்கு சின்னதென்றால், உள்ளதைச் சொன்னவரை வேலை கொடுப்பவர் பரிசீலிக்க இடமுண்டு என்கிறது 2016 தீர்ப்பு. மறைத்ததுதான் அவனைக் கவிழ்த்தது.

*

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று சம்மனைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. போன் எண் 15100. சம்மனோடு நேரில் போனாலும் சரி, ஆனால் அதில் போட்டிருக்கும் தேதிக்கு முன்னால் போங்கள்.