பூஞ்சணம்: சோதனைக்கு முதல் தேடல்



ரொறன்ரோவில் வீடு வாங்கிய உங்களில் சிலர் கேட்கிறீர்கள்: "ரீச்சர், பேஸ்மென்ற்றில் பூஞ்சணம் மணக்குது. காற்றைச் சோதிக்கக் குடுக்கட்டோ?"

சோதனை பூஞ்சணத்தின் வகையைச் சொல்லும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. அதைத் தேடித்தான் பிடிக்கவேணும். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டால் நீராகும். என் பேத்தி இரவிரவாக இருமினாள். கட்டிலை இழுத்துப் பார்த்தோம். பின்சுவர் முழுக்கக் கறுப்பு. பிறகு சோதனை எதற்கு?

கனடாவின் மத்திய சுகாதாரத் திணைக்களமும் காற்றுச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. எந்த வகையானாலும் அகற்று, ஈரத்தை நிறுத்து என்பதே அதன் அறிவுரை. குளிர்காலத்தில் ஈரப்பதன் 30 வீதமளவில் இருக்கட்டும். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் விசிறியைப் போடுங்கோ. கட்டில், அலுமாரிகளை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கோ.

சோதனைக்குக் கொடுக்கும் காசை ஒழுக்கை அடைக்கச் செலவழியுங்கோ.