பேப்பர் கப்பும் ரெஜிஸ்டரும்



படிப்பு முடிந்து வேலைக்குப் போனால் என்ன கஷ்டம் வரும் என்று கேட்டால், ‘ஷிப்டு, ஓவர்டைம், மேனேஜர் திட்டு’ என்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கோவைப் பக்கம் ஒரு மோட்டார் தொழிற்சாலைக்குப் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போகும்வரை.

நாங்கள் நான்கு பேர். மூன்று பையன்கள், ஒரு வகுப்புத் தோழி. முதல் நாளே சூப்பர்வைசர் பையன்களை வைண்டிங் செக்‌ஷனுக்கு அனுப்பினார். தோழியிடம், “பொம்பளப் புள்ள, கையெல்லாம் வார்னிஷ் ஆயிடும். ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து ரெஜிஸ்டர் எழுதும்மா” என்றார். “உனக்கு அடிச்சது லக்கி பிரைஸ்!” என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் டீ இடைவேளையில் அவர் என்னைக் கேட்டார். “எந்த ஊருப்பா?” “போடி பக்கம் சார்.” “போடி பக்கம்னா?” “பொட்டிபுரம்.” “பொட்டிபுரத்துல எந்தத் தெரு?” சொன்னேன். மறுநாள் எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் டீ வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. முதல் நாள் டம்ளர் பற்றவில்லை போலும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் மேசையில் இரண்டு டம்ளர் சும்மா கவிழ்ந்து கிடந்தது. எனக்கு வந்தது பேப்பர் கப்பு! அன்று டீ தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. டிரெய்னிங் சர்டிபிகேட்டில் அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

பத்தாம் நாளுக்குள் நான் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கவும், எரிந்த காயிலைக் கழற்றவும் கற்றுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் தோழி கேட்டாள்: “நாளைக்கு இன்டர்வியூல மோட்டாரப் பத்திக் கேட்டா, நான் ரெஜிஸ்டர்ல கோடு போட்டேன்னா சொல்றது?”

சுருக்கென்றது. என்மேல் விழுந்த அடி எனக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் விழுந்த அடியையோ பத்து நாளாக அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே!

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர். “இது என்னய்யா புதுசு? ஒரே ஜீப்புல போறோம், ஒரே நேரத்துக்கு எறங்குறோம். ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலி. கேட்டா, ஆம்பள சொம தூக்குறான்னு சொல்றாங்க. சொம தூக்காத ஆம்பளைக்கும் அதே கூலிதான!” என்றார். பிறகு, “மூணாத்துப் பொம்பளைங்க மாதிரி நாலு பேர் சேந்து கேளுங்க” என்றார்.

மூணாறு கதை நம்மில் பலருக்குத் தெரியும். 2015 செப்டம்பரில், கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார். நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆண்களே தலைமை வகித்த தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று தாங்களே ஒன்று சேர்ந்தார்கள். ஒன்பது நாள் போராட்டத்தில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. பிறகு கூலி 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் 232தான்!

திங்கட்கிழமை தோழி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எந்தத் தேதியில் யாருக்கு எந்த வேலை தரப்பட்டது என்பது மட்டும்தான் அதில். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் அவள் டெஸ்டிங் பெஞ்சுக்கு வந்தாள். அன்றைக்கு டீ வந்தபோது நானும், “அண்ணே, எனக்கும் டம்ளர்லயே குடுங்க” என்றேன். டீக்கார அண்ணன் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். மன்னிப்பு எல்லாம் யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் போன பத்து நாளும் திரும்பி வரவில்லை.

நண்பர்களே, பாகுபாடு எப்போதும் திட்டிக்கொண்டு வராது. ‘பாவம்’ என்று அன்பாகவும் வரும், ‘எந்தத் தெரு’ என்று விசாரிப்பாகவும் வரும். ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம். ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப நடந்தால் சந்தேகப்படுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். வாயால் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தனி டம்ளர் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976ல் வந்த சட்டத்தின் சாரம் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் அந்த 1976 சட்டத்தைச் சுட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் டிரெய்னிகளுக்கும் அப்ரண்டிஸ்களுக்கும் பொருந்தும். பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நாளை நாமே சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காருவோம். அப்போது யாரிடமும் தெருவைக் கேட்காமல், யாருக்கும் ஃபேனைக் காட்டி வேலையைப் பறிக்காமல் இருப்போமா? அம்மா இப்போதும் அதே ஜீப்பில்தான் மலை ஏறுகிறார். கூலி வித்தியாசமும் அப்படியே இருக்கிறது. இந்தப் பதினைந்து நாளில் நான் கற்றது மெக்கர் மட்டுமல்ல என்பதை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

— இறுதியாண்டு, மின்னியல் துறை